உடன்பிறந்தவரோடு அந்தமான்: கொங்கு நாட்டிலிருந்து போய்வர முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கத்திலிருந்து அண்ணன் தங்கையாகவோ, அக்கா தம்பியாகவோ அந்தமான் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொந்தத்திலும் நட்பிலும் பலருக்கு இந்தப் பயணத்தைத் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மலிவாக விமான டிக்கெட் கண்ணில் பட்டதும் அதைப் போட்டுவிட்டு, மற்றதையெல்லாம் அதற்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். அங்கே நாளை முடிவு செய்வது படகும் கடலும்தான். அதனால் ஊர் திரும்பும் நாளில் தொடங்கிப் பின்னோக்கித் திட்டம் போட வேண்டும். கீழே உள்ள வரிசையும் அப்படி அமைந்ததுதான்.

1. முதலில் பணமும் வீட்டுப் பொறுப்பும்

தேதி பார்ப்பதற்கு முன்பே இருவரும் உட்கார்ந்து பணத்தைப் பேசிவிடுங்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. ஒருவர் பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர், இன்னொருவர் இன்னும் படிக்கிறார் என்றால் பாதிக்குப் பாதி சரிப்படாது. மூத்தவர் விமானத்தையும் படகையும் ஏற்றுக்கொண்டு, இளையவர் சாப்பாடு, வண்டி வாடகையைப் பார்த்துக்கொள்வது ஒரு வழி. எந்த வழியானாலும் கிளம்பும் முன்பே பேசி முடிப்பது முக்கியம். "அந்த ரூம் வாடகைய நான் கட்டிக்கறனுங்கண்ணா" என்று தங்கை ஹோட்டல் கவுண்டரில் நின்று சொல்வதும், அண்ணன் முகம் சுருங்குவதும் அப்போது இருக்காது.

நடைமுறைக்கு ஒரு வழி சொல்கிறேன். இருவரும் முன்கூட்டியே ஒரு தொகையை ஒருவரின் கணக்கில் போட்டுவிடுங்கள். தீவில் ஆகும் செலவெல்லாம் அதிலிருந்தே போகட்டும். யார் எவ்வளவு கொடுத்தோம் என்று ராத்திரி உட்கார்ந்து கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை.

அடுத்தது வீடு. தோட்டத்தில் மாடு இருந்தால் இரண்டு வேளையும் யார் கறப்பது, சொசைட்டிக்குப் பால் யார் ஊற்றுவது, அப்பா அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஊரில் இல்லாமல் போவது இந்தப் பயணத்தில் மட்டும்தான் நடக்கும். கல்யாணம் ஆனவர்கள் வீட்டுக்காரரிடமோ வீட்டுக்காரம்மாவிடமோ இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிக்கெட் போட்ட பிறகு சொன்னால் தகவல் சொல்வதாகிவிடும், கேட்டதாகாது.

2. மாதத்தைக் கடலிடம் கேளுங்கள்

பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் வரை போவதுதான் என் சிபாரிசு. கடல் அடங்கி இருக்கும், தண்ணீர் தெளிந்து இருக்கும், டிசம்பர் கடைசியில் இருக்கும் கூட்டமும் விலையும் இறங்கியிருக்கும்.

பள்ளி விடுமுறையைப் பார்த்து மே மாதக் கடைசியில் போகிறவர்கள் பலர். தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடுவதற்கு முன்பே அந்தமானைத் தொட்டுவிடும். நமக்கு இங்கே வெயில் கொளுத்தும்போது அங்கே படகுகள் ரத்தாகிக்கொண்டிருக்கும். மே தான் முடியும் என்றால் முதல் வாரத்திலேயே போய் வந்துவிடுங்கள். அக்டோபர், நவம்பரில் வங்கக் கடலில் புயல் வரும் காலம் என்பதால் தீபாவளி போனஸ் கையில் இருந்தாலும் கொஞ்சம் பொறுப்பது நல்லது.

மாதம் முடிவானதும் வீட்டு நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள். பெரியவர்கள் அஷ்டமி, நவமி பார்ப்பார்கள். நீங்கள் அமாவாசையையும் பௌர்ணமியையும் பாருங்கள். அந்த நாட்களை ஒட்டி கடல் மிக மேலே ஏறி, மிகக் கீழே இறங்கும். நீல் தீவில் பாறைப் பாலம் வரை நடந்து போகவும், பாறைக் குட்டைகளில் உயிரினங்களைப் பார்க்கவும் கடல் இறங்கியிருக்கும் அந்த வேளைதான் நல்லது. ஹேவ்லாக் தீவில் இரவில் துடுப்புப் படகில் போய், நீரைக் கலக்கினால் மின்னும் நுண்ணுயிர்களைப் பார்க்க வேண்டுமென்றால் நிலா இல்லாத அமாவாசைப் பக்கம் போங்கள்.

3. திரும்பும் நாளிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, கடைசி வரியில் திரும்பும் விமானத்தை எழுதுங்கள். அதற்கு மேலே, முந்தைய இரவு விமான நிலையம் இருக்கும் போர்ட் பிளேர். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காலையில் நீலிலிருந்து படகேறி மதியம் விமானம் பிடிக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் காற்று அடித்தால் தீவில் மாட்டிக்கொள்வார்கள். படகு ரத்தானால் டிக்கெட் பணம் திரும்பி வரும், ஆனால் தவறிய விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அதற்கு மேலே நீல் ஓர் இரவு, அதற்கும் மேலே ஹேவ்லாக் இரண்டு இரவு, முதல் வரியில் போய் இறங்கும் நாளும் போர்ட் பிளேரும். ஆக ஐந்து இரவு. ஹேவ்லாக்கை நீலுக்கு முன்னால் வைத்ததற்குக் காரணம் ஸ்கூபா, அதாவது காற்று உருளையை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்குவது. அதைப் பத்தாவது படியில் சொல்கிறேன்.

பாராடாங் சுண்ணாம்புக் குகையை இதற்குள் திணிக்க வேண்டாம். விடியலுக்கு முன்பே கிளம்பி ஒரு நாள் முழுக்கப் போய்விடும். சாலையும் ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்துக்குள்தான் போகிறது. அங்கே வண்டிகள் காவலோடு வரிசையாகத்தான் போக வேண்டும். நிறுத்துவது, படம் எடுப்பது, அந்த மக்களுக்குத் தின்பண்டம் நீட்டுவது எல்லாமே குற்றம். வேடிக்கை பார்க்கப்படுவதை அவர்கள் கேட்கவில்லை. முதல் பயணத்தில் அதை விட்டுவிடுவதே சரி என்பது என் கருத்து.

4. டிக்கெட் எடுக்கும் வரிசை

முதலில் மூன்று படகுகளின் நேரத்தையும் பார்த்து வையுங்கள்: போர்ட் பிளேர்–ஹேவ்லாக், ஹேவ்லாக்–நீல், நீல்–போர்ட் பிளேர். நடுவில் உள்ள ஹேவ்லாக்–நீல் வழியில்தான் படகு குறைவு. அது உங்கள் தேதியில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே விமானம். அதன் பின் படகு, அதன் பின் அறை. மாற்றுவதற்கு அதிகச் செலவாவது விமானம், குறைவாவது அறை. விமானம் போடும்போது படகுப் பதிவு இன்னும் திறக்காமல் இருக்கலாம். அப்படியானால் திறக்கும் நாளை அலாரம் வைத்துப் பிடியுங்கள்.

பதிவு செய்யும்போது ஊர்ப் பெயரைக் கவனியுங்கள். ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு. போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர். தளத்துக்குத் தளம் பழைய பெயரும் புதிய பெயரும் மாறி மாறி வரும், இரண்டும் ஒரே ஊர்தான்.

நம் பக்கத்திலிருந்து சென்னை வழியாகவோ பெங்களூரு வழியாகவோ போகலாம். கோவையிலிருந்தே விமானம் என்றால் இரண்டு கட்டத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது போனதுதான். ரயில் என்றால் சேரன் எக்ஸ்பிரஸும் நீலகிரி எக்ஸ்பிரஸும் விடியற்காலையில் சென்ட்ரலில் இறக்கிவிடும். அங்கிருந்து வண்டி மாறாமல் மெட்ரோவிலேயே விமான நிலையம் போகலாம். ஆனால் போர்ட் பிளேர் விமானங்களில் பல அதிகாலையிலேயே கிளம்பிவிடும். ரயிலில் போகிறவர்கள் காலை பத்து மணிக்குப் பிந்தைய விமானமாகப் பாருங்கள். கிடைக்காவிட்டால் முந்தைய நாளே போய்ச் சென்னையில் தங்கிவிடுங்கள்.

டிக்கெட்டில் பெயர், அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். நமக்கு இனிஷியல்தான் வழக்கம், விமானத் தளமோ குடும்பப் பெயர் கேட்கும். ஆதாரில் அப்பா பெயர் விரிவாக இருந்தால் அதையே எழுதுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு தங்கையின் இனிஷியல் ஒரு அட்டையில் மாறி இன்னொன்றில் மாறாமல் இருப்பது சகஜம். எந்த அட்டையைக் கொண்டுபோவது என்று முடிவு செய்துவிட்டு, விமானம், படகு, அறை மூன்றுக்கும் அதே எழுத்தைப் பயன்படுத்துங்கள்.

5. அறை

அந்தமான் பேக்கேஜ் என்றாலே பெரும்பாலும் தேனிலவுக் கணக்கில்தான் போட்டு வைத்திருப்பார்கள். கட்டிலில் பூ, மெழுகுவர்த்தி வைத்து ராத்திரிச் சாப்பாடு எல்லாம் அதில் அடங்கும். ஏஜென்ட்டிடம் முதல் பேச்சிலேயே, "அண்ணன் தங்கச்சிங்க, தனித்தனிக் கட்டில் வேணுங்க, அந்த அலங்காரமெல்லாம் எடுத்துட்டு விலை சொல்லுங்க" என்று கேளுங்கள். இரண்டு தனிக் கட்டில் என்பது எழுத்தில் வரட்டும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு தடவை போன் செய்து உறுதி செய்யுங்கள். சின்ன விடுதிகளில் ஒரே பெரிய கட்டில் உள்ள அறைகள்தான் அதிகம். இரவு போய் நின்றுகொண்டு கேட்டால் மாற்ற அறை இருக்காது.

6. ஊரிலேயே செய்ய வேண்டிய பயிற்சி

இதைப் பெரும்பாலானவர்கள் தவிர்த்துவிடுகிறார்கள். பயணத்தின் சந்தோஷத்தில் பாதி இதில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊர்க்காரர்கள் கிணற்றிலும் வாய்க்காலிலும் நீச்சல் பழகியவர்கள். கிணற்றில் தண்ணீர் அசையாது, சுவர் எட்டும் தூரத்தில் இருக்கும், களைத்தால் படியையோ மோட்டார் குழாயையோ பிடித்துக்கொள்ளலாம். கடலில் பிடிக்க ஒன்றும் இல்லை. உப்புத் தண்ணீரில் உடம்பு சுலபமாக மிதக்கும், அந்த தைரியத்தில் தூரம் தெரியாமல் போய்விடுவார்கள். திரும்பும்போதுதான் இழுப்பு தெரியும். தண்ணீர் உள்ளே இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரையேறுங்கள். இழுக்கும் ஓட்டம் குறுகலான பாதைதான், பக்கவாட்டில் போனால் அதைத் தாண்டிவிடலாம். இதைக் கிளம்பும் முன்பே இருவரும் பேசி மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். கடலில் வைத்துச் சொன்னால் காதில் ஏறாது.

அடுத்தது, கடலில் குப்புற மிதந்தபடி மீன் பார்க்க வேண்டிய முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும். ஆளுக்கொன்று வாங்கிவிடுவதே நல்லது. கடையில் பட்டையை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை விட்டாலும் அது முகத்தோடு ஒட்டி நின்றால் உங்களுக்குப் பொருந்துகிறது, நழுவினால் வேறு பாருங்கள். ஒற்றை முடி ரப்பர் விளிம்பில் மாட்டினாலே அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். தலைமுடி நீளமாக உள்ளவர்கள் பிடரியில் தாழ்வாகப் பின்னிக்கொள்ளுங்கள். அன்றைக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் வேண்டாம், பட்டை வழுக்கிக்கொண்டே இருக்கும். மீசை அடர்த்தியாக உள்ளவர்கள் மேலுதட்டை ஒட்டிய பகுதியைக் கொஞ்சம் கத்தரித்தால் கசிவு குறையும்.

பிறகு தெரிந்த கிணற்றிலோ நீச்சல் குளத்திலோ, கூட ஒருவர் நிற்க, முகத்தைக் கவிழ்த்து வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பழகுங்கள். முதல் சில நிமிடம் பதற்றமாக இருக்கும், மூக்கு தானாக இழுக்கப் பார்க்கும். அந்தப் பதற்றத்தை ஊரிலேயே தீர்த்துக்கொண்டு போனால், அங்கே முதல் நிமிடத்திலிருந்து மீனைப் பார்க்கலாம்.

7. பெட்டி

திருப்பூர்க்காரர்களுக்குச் சொன்னால் கோபம் வரலாம், ஆனால் கடலில் இறங்கப் பருத்தி டி-ஷர்ட் வேண்டாம். நனைந்தால் கனத்து இழுக்கும், சீக்கிரம் காயாது. முழுக்கை வைத்த பாலியஸ்டர் விளையாட்டுச் சட்டை எடுங்கள். குப்புற மிதக்கும்போது முதுகும் பின்கழுத்தும்தான் வெயிலில் வேகும்.

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை முழுப் பயணத்துக்கும் மேலே சில நாளுக்கும் சேர்த்து எடுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஊறுகாயும் எண்ணெயும் பெரிய பெட்டியில் போகட்டும், கைப்பையில் விடமாட்டார்கள். கொப்பரை எதிலும் கூடாது, தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஏ.டி.எம். குறைவு, சிக்னலும் எந்நேரமும் நம்பும்படி இருக்காது. கொஞ்சம் ரொக்கத்தை இருவரும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

8. படகு நாள்

சுமார் ஒரு மணி நேரம் முன்பே துறைமுகத்தில் இருங்கள். பெட்டியைச் சோதித்து, அடையாள அட்டை பார்த்துத்தான் ஏற்றுவார்கள்.

வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவில் வாந்தி வரும் ஆள் என்றால் படகிலும் வர வாய்ப்பு உண்டு. மாத்திரையை ஏறுவதற்கு அரைமணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. எந்த மாத்திரை என்று ஊர் டாக்டரிடம் கேட்டு வாங்கிப் போங்கள். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், வெறும் வயிறும் வேண்டாம். ஆட்டம் குறைவாக இருப்பது கீழ்த்தளத்தின் நடுப்பகுதியில். போனைப் பார்க்காமல் ஜன்னல் வழியே தூரத்துக் கடல்கோட்டைப் பாருங்கள்.

9. தீவில் நேரம் வேறு

அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் ஒன்றுதான். கோவையை விட அங்கே பொழுது ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்திச் சாயும். டிசம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிடும். நம் வழக்கப்படி பத்து மணிக்கு டிபன் முடித்துக் கிளம்பினால் பாதி நாள் போய்விட்டது என்று அர்த்தம். காலை ஆறு மணிக்கே வெளியே இருங்கள், மதியம் தூங்குங்கள்.

ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரை மேற்கே பார்த்தது, அங்கே மாலைக்குப் போங்கள். மூன்றாம் எண், ஐந்தாம் எண் கடற்கரைகள் கிழக்கே பார்த்தவை. அங்கே கடல் இறங்கும் நேரத்தில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிப் பாறையும் சேறுமாகிவிடும். படத்தில் பார்த்த கடல் எங்கே என்று கேட்காதீர்கள், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வரும். கடல் ஏறும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அன்றைய நேரத்தை விடுதிக்காரரிடம் காலையிலேயே கேட்டுக்கொண்டு நாளை அதற்கேற்ப அமையுங்கள்.

வாடகை ஸ்கூட்டருக்கு லைசென்ஸும் ஹெல்மெட்டும் கட்டாயம் வேண்டும். துறைமுகத்திலிருந்து ராதாநகர் சுமார் 12 கிலோமீட்டர். திரும்பும் வழியில் விளக்கு குறைவு, இருட்டும் முன் கிளம்புங்கள். ஓடை கடலில் கலக்கும் இடத்திலும் அலையாத்திக் காட்டை ஒட்டியும் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். உவர்நீர் முதலை அங்கே உண்மையாகவே இருக்கிறது. எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் உள்ளூர்க்காரர் குளித்தாலும் நீங்கள் இறங்காதீர்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. போர்ட் பிளேரில் தமிழர் நிறைய, இட்லி தோசை தாராளமாகக் கிடைக்கும். ஹேவ்லாக், நீலில் குடியேறியவர்கள் பெரும்பாலும் வங்காளிகள் என்பதால் சோறு, பருப்பு, கடுகு அரைத்த மீன் குழம்பு. சைவக்காரர்கள் ஒரு பொட்டலம் பருப்புப்பொடி கொண்டுபோனால் போதும்.

10. ஸ்கூபா

ஹேவ்லாக்கில் முழுதாகத் தங்கும் நாளின் காலையில் வையுங்கள். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானத்தில் ஏறினால், அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் ரத்தத்தில் குமிழியாகி ஆபத்தில் விடும். 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஹேவ்லாக்கை முதலில் வைத்தால் நீல் இரவும் போர்ட் பிளேர் இரவும் நடுவில் வந்துவிடும், தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

பத்து வயது முடிந்தவர்கள் பயிற்சியாளரோடு இறங்கலாம், நீச்சல் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காதில் பிரச்சினை எதையும் படிவத்தில் மறைக்காதீர்கள். சளி பிடித்திருந்தால் அன்று இறங்க வேண்டாம், காதில் அழுத்தம் சமன் ஆகாமல் வலிக்கும்.

நீருக்குள் கட்டை விரலை உயர்த்தினால் "மேலே போகலாம்" என்று அர்த்தம். தம்பியைப் பார்த்து "சூப்பர்" என்று காட்டுவதாக நினைத்து விரலை உயர்த்துவார்கள், பயிற்சியாளர் மேலே கூட்டிவந்துவிடுவார். நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். பவளப் பாறையில் காலை ஊன்றாதீர்கள். பாதம் கிழியும், பல ஆண்டு வளர்ந்த உயிரும் உடையும்.

11. இருவருக்கும் நடுவில்

எந்நேரமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு முற்பகலை ஆளுக்கொரு பக்கம் போகும்படி விட்டுவிடுங்கள். அக்கா மணலில் புத்தகம் படிக்கட்டும், தம்பி வண்டியில் சுற்றட்டும். பிறகு சாப்பாட்டு நேரத்தில் பேசுவதற்கு இரண்டு பேரிடமும் விஷயம் இருக்கும். தண்ணீரில் மட்டும் இந்த விதி இல்லை. அங்கே ஒருவர் தலையை ஒருவர் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருங்கள்.

தோட்டத்துப் பாகம், மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு, அப்பாவின் கடன் இவற்றையெல்லாம் ஊரிலேயே வைத்துவிட்டு வருவதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள். தீவில் மனஸ்தாபம் வந்தால் ஆளுக்கொரு ஊர் போக முடியாது, ஒரே அறை, ஒரே படகு. நல்லதாகப் பேச நிறைய இருக்கிறது. சின்ன வயதில் ஒன்றாகச் செய்தது, இப்போது ஒருவருக்குத் தெரியாத மற்றவரின் வேலை, நட்பு இதெல்லாம் நோம்பிக்கு வந்துபோகும் இரண்டு நாளில் பேச முடியாதவை.

12. திரும்பும் நாள்

பெட்டியைக் கட்டும் முன் பைகளை உதறிப் பாருங்கள். கரையில் கிடந்த பவளத் துண்டை எடுத்து வருவது, செத்த பவளமாக இருந்தாலும், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விமான நிலைய ஸ்கேனரில் தெரியும், பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். சிப்பிப் பொருள் வேண்டுமென்றால் போர்ட் பிளேரில் அரசு எம்போரியத்தில் வாங்கி, ரசீதை அந்தப் பொருளோடே வையுங்கள்.

சென்னையிலிருந்து இரவு ரயில் என்றால் விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் தாராளமாக இடைவெளி விடுங்கள். பொதுப்பணத்தில் மிச்சம் இருந்தால் ரயிலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். தங்கை ஈரோட்டில் இறங்கி அண்ணன் கோவைக்குப் போவதாக இருந்தால், யார் பெட்டியில் யாருடைய முகக்கண்ணாடி, சார்ஜர் இருக்கிறது என்பதைப் படுக்கும் முன்பே பார்த்து மாற்றிவிடுங்கள். விடியலுக்கு முன் ஸ்டேஷன் வந்துவிடும், அப்போது தேட நேரம் இருக்காது.